நெதர்லாந்துக்குக் குடிவந்தவர்களுக்கு: ஒரு மியூசியம்கார்டும் சில அருங்காட்சியகங்களும்

சுற்றுலா வருகிறவருக்கு ஆம்ஸ்டர்டாமில் இரண்டு நாள்தான் கிடைக்கும். அதற்குள் ரைக்ஸ்மியூசியம், வான் கோ என்ற இரண்டு பெரிய அருங்காட்சியகங்களையும் ஓட்டமாய் ஓடிப் பார்த்துவிட்டு, கால்வலியோடு விமானம் ஏறுவார். இங்கேயே குடிவந்துவிட்டவர் அப்படிப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம், இரண்டு அறை, நாலு ஓவியம் போதும். மிச்சம் அடுத்த மாதம். நுழைவுச்சீட்டுக்கு ஒவ்வொரு முறையும் இருபது யூரோவுக்கு மேல் கொடுத்தால் இப்படிப் பார்க்க மனசு வராது, கொடுத்த காசுக்கு எல்லா அறையையும் சுற்றத்தான் தோன்றும். அதனால்தான் முதலில் மியூசியம்கார்ட் வாங்கச் சொல்கிறேன்.

இது 1981 முதல் இருக்கும் ஆண்டு அட்டை. நாடு முழுக்க 400க்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களில் செல்லும். பெரிய அருங்காட்சியகங்களின் சீட்டு மையத்திலேயே தற்காலிக அட்டை வாங்கலாம். அது 31 நாள்தான் செல்லும், அதிகபட்சம் ஐந்து தடவைதான் உள்ளே போகலாம். அந்த 31 நாளுக்குள் இணையத்தில் உங்கள் பெயரில் பதிவுசெய்தால்தான் அது ஓராண்டு அட்டையாக மாறும். வீடு தேடுவது, நகராட்சிப் பதிவு, வங்கிக் கணக்கு என்று அலையும் முதல் மாதத்தில் இந்தப் பதிவை மறப்பவர்கள் நிறைய. அட்டை வாங்கிய அன்று மாலையே முடித்துவிடுங்கள். ஓராண்டு அட்டை ஒருவருக்கு மட்டும்தான், கணவன் மனைவி மாற்றிப் பயன்படுத்த முடியாது. நான்கைந்து பெரிய அருங்காட்சியகம் போனாலே போட்ட பணம் திரும்பிவிடும். சில சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும் அட்டைக்கு மேல் தனிக்கட்டணம் உண்டு.

குழந்தைகளுக்கும் சேர்த்து வாங்க அவசரப்பட வேண்டாம். ரைக்ஸ்மியூசியம், வான் கோ, டென் ஹாக் (தி ஹேக்) நகரின் மௌரிட்ஸ்ஹைஸ் மூன்றிலும் 18 வயதுக்குள் இருப்பவர்களுக்குக் கட்டணமே கிடையாது.

ரைக்ஸ்மியூசியம் ஆண்டின் 365 நாளும் காலை 9 முதல் 5 வரை திறந்திருக்கும். கூட்டம் முழுக்க இரண்டாம் தளத்து நடு மண்டபத்தில், டச்சு ஓவியர் ரெம்ப்ராண்டின் ‘இரவுக் காவல்’ முன்னால்தான் நிற்கும். 11 மணிக்குப் போனால் தலைகளைத்தான் பார்க்கலாம். ஒன்று 9 மணிக்கே போய் நேராக அங்கே ஏறுங்கள், இல்லையென்றால் மூன்றரைக்கு மேல் போங்கள். நகரக் காவல்படையைக் காட்டும், 1642இல் வரைந்த அந்த ஓவியம் இப்போது சுமார் 3.8 மீட்டர் உயரம், 4.5 மீட்டர் அகலம். முதலில் இதைவிடப் பெரிது. 1715இல் நகர மன்றத்துக்குக் கொண்டுபோனபோது சுவரில் இடம் போதவில்லை என்று நான்கு பக்கமும் வெட்டிவிட்டார்கள். அதிகம் போனது இடது பக்கம், அங்கே நின்ற இரண்டு ஆட்களோடு. கறுப்பு உடைத் தலைவரும் பக்கத்தில் மஞ்சள் உடைக்காரரும் இன்று படத்தின் நடுவில் நிற்பதற்கு அந்த வெட்டுதான் காரணம். ரெம்ப்ராண்ட் அவர்களைச் சற்று வலப்புறமாக, நடக்க இடம் விட்டு நிறுத்தியிருந்தார். வெட்டுவதற்கு முன்பே கெரிட் லுண்டன்ஸ் என்ற ஓவியர் வரைந்த சிறிய நகல் தப்பியதால்தான் இது நமக்குத் தெரிகிறது. 2019 முதல் இந்த ஓவியத்தை ஆராய்ந்து சீர்செய்யும் வேலை, கண்ணாடி அறை போட்டு, பார்வையாளர் கண்ணெதிரிலேயே நடக்கிறது.

அதே தளத்தில், அதே நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் ‘பால்காரி’ இருக்கிறது. 45 சென்டிமீட்டர்தான், எட்ட நின்றால் ஒன்றும் கிடைக்காது. கிட்டப் போய், பெண்ணின் தலைக்கு மேலே வெறும் சுவரைப் பாருங்கள். ஆணி ஒன்றும், ஆணி பிடுங்கிய துளைகளும் தெரியும். ரொட்டியின் மேல் விழும் வெளிச்சம் தனித்தனிப் புள்ளிகளாக இருக்கும்.

தமிழர்கள் தவறவிடக் கூடாதது ஆசியக் கூடம். 2013இல் கட்டிய தனிக் கட்டடம், சுற்றிலும் தண்ணீர். பிரதான கட்டடத்துக்குள்ளிருந்துதான் வழி, பலர் இருப்பதே தெரியாமல் திரும்பிவிடுகிறார்கள். உள்ளே நிற்பவர் சோழர் கால நடராசர். 12ஆம் நூற்றாண்டு, 153 சென்டிமீட்டர் உயரம், எடை சுமார் 300 கிலோ. இந்தியாவுக்கு வெளியே அருங்காட்சியகங்களில் இருக்கும் சோழர் செப்புத் திருமேனிகளில் இதைவிடப் பெரியது தெரியவரவில்லை. இவ்வளவு கனமான திருமேனியைச் சாதாரண எக்ஸ்ரே ஊடுருவாது. அதனால் ராட்டர்டாம் துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளைச் சோதிக்கும் சுங்கத்துறைக் கருவி வழியாக லாரியோடு செலுத்திப் பார்த்தார்கள். திருவாசியின் சுடர்கள், காலடியில் முயலகன் உட்பட எல்லாமே உள்ளே குடைவில்லாத கன வார்ப்பு என்று தெரிந்தது. ஐரோப்பியச் சிற்பிகள் வெண்கலத்தைக் குடைவாக வார்த்துப் பழகியவர்கள், அவர்களுக்கு இது வியப்பு. சுவாமிமலையில் ஸ்தபதிகள் வேலை செய்வதைப் பார்த்தவருக்கு வியப்பிருக்காது. ஆனால் கோயிலில் பட்டும் மாலையும் மறைக்கும் இடுப்பின் திருப்பத்தையும் தூக்கிய திருவடியின் விரல்களையும் இங்கே நிதானமாகப் பார்க்கலாம். இவரை முதல் வருகையிலேயே பாருங்கள். ஊரை விட்டு வந்த புதிதில் அந்தக் கூடம் தரும் ஆறுதல் பெரிது.

வான் கோ அருங்காட்சியகத்துக்கு ஒரே ஒரு விதி: நேரம் பதியாமல் போகாதீர்கள். வாசலில் சீட்டு விற்பதில்லை. அட்டை இருந்தாலும் இணையத்தில் நேரம் எடுத்தே ஆக வேண்டும். சனி, ஞாயிறுக்கு முதல் நாள் இரவு தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

வெர்மீர் பிறந்து வாழ்ந்த ஊர் டெல்ஃப்ட் என்பதால் ஓவியம் பார்க்க அங்கே போகிறவர்கள் உண்டு. அவருடைய அசல் ஓவியம் ஒன்றுகூட அந்த ஊரில் இல்லை. ‘முத்துத் தோட்டுப் பெண்’ணும் ‘டெல்ஃப்ட் காட்சி’யும் இருப்பது டென் ஹாக்கில், மௌரிட்ஸ்ஹைஸில். மத்திய ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. திங்கட்கிழமை மட்டும் மதியம் 1 மணிக்குத்தான் திறப்பார்கள். வீடு போன்ற சிறிய இடம், முதல் அருங்காட்சியகமாகக் குழந்தைகளைக் கூட்டிப்போக இதைவிடத் தோதானது இல்லை. அங்கே ஃபப்ரிட்சியுஸ் வரைந்த ‘தங்கக்குருவி’யைத் தேடுங்கள். ஒரு நோட்டுப் புத்தக அளவுதான், மெல்லிய சங்கிலியில் கட்டிய பறவை. 1654இல் அதை வரைந்தார். அதே ஆண்டு அக்டோபரில் டெல்ஃப்ட் வெடிமருந்துக் கிடங்கு வெடித்ததில் இறந்துபோனார்.

ராட்டர்டாமில் பாய்மன்ஸ் அருங்காட்சியகத்தின் பழைய கட்டடம் 2019 முதல் சீரமைப்புக்காக மூடிக் கிடக்கிறது. பக்கத்தில் கண்ணாடிக் கிண்ணம் போல் நிற்கும் அதன் சேமிப்புக் கிடங்கு 2021 நவம்பரில் பார்வையாளர்களுக்குத் திறந்தது. பொருள்களை ஓவியர் வரிசையில் வைக்காமல், எதற்கு எந்த வெப்பமும் ஈரப்பதமும் தேவை என்று பார்த்து அடுக்கியிருக்கிறார்கள்.

கடைசியாக, ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டிய இடம்: குரோலர்-முல்லர் அருங்காட்சியகம். ஹோகே வேலுவே தேசியப் பூங்காவின் நடுவே, காட்டுக்குள் இருக்கிறது. வான் கோவின் ஓவியங்கள் மட்டும் கிட்டத்தட்ட 90. உலகில் இரண்டாவது பெரிய தொகுப்பு இதுதான், ‘இரவில் காபிக்கடை’யும் இங்கேதான். திங்கட்கிழமை விடுமுறை. மியூசியம்கார்ட் அருங்காட்சியகத்துக்குச் செல்லும், பூங்காவுக்குச் செல்லாது. பூங்காச் சீட்டைத் தனியாக வாங்காமல் அருங்காட்சியக வாசலை எட்டவே முடியாது. இலவசம் என்று நம்பிக் குடும்பத்தோடு வருகிறவர்கள் வாயிலில் திகைத்து நிற்பது இதனால்தான். ஓட்டர்லோ வாயில் வழியாகப் போங்கள், அங்கிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் வந்துவிடும். வாயிலில் வெள்ளைச் சைக்கிள்கள் இலவசமாக நிற்கும். அவற்றுக்குக் கைப்பிரேக் கிடையாது, பெடலைப் பின்னோக்கி மிதித்தால்தான் நிற்கும். ஏறியதும் சமதரையில் இரண்டு முறை நிறுத்திப் பழகிவிட்டு இறக்கத்தில் போங்கள். எந்தச் சைக்கிளும் யாருக்கும் சொந்தமில்லை, அருங்காட்சியக வாசலில் நிறுத்திய உங்கள் சைக்கிளை வேறொருவர் எடுத்துப் போயிருப்பார். அதனால் பையையோ குடையையோ அதில் விட்டுச்செல்லாதீர்கள். திரும்பும்போது வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். ரயிலிலும் பேருந்திலும் வருகிறவர்கள் ஊருக்குத் திரும்பும் பேருந்தின் நேரத்தைப் போகும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.