புலிக்குக் கீழே ஒளிந்திருந்த யானை

ஒரு பழைய பிரிட்டிஷ் ராணுவத் தொப்பி பேட்ஜை நாலு ராத்திரி குந்தியிருந்து நோண்டியதில், நேற்று யானையின் தும்பிக்கை வெளியே வந்தது. வாங்கும்போது அதில் யானை இருப்பதே எனக்குத் தெரியாது.

மூன்று வாரம் முன்பு லண்டனுக்கு வெளியே, கார் டிக்கியில் வைத்துப் பழைய சாமான் விற்கும் ஒரு கார் பூட் சந்தையில், பழைய பொத்தான்கள் கிடந்த பிஸ்கட் டப்பாவின் அடியில் அகப்பட்டது. எட்டு பவுண்டு. சுடர் விடும் கையெறிகுண்டு வடிவம், ஆகவே ஃபியூசிலியர் என்று பெயர் கொண்ட காலாட்படைகளில் ஏதோ ஒன்று. குண்டின் உருண்டையில் புலி மாதிரி ஒன்று. கீழே நாடாவில் 'ராயல்' மட்டும் வாசிக்க முடிந்தது, மீதியெல்லாம் கறுப்பு. புலி என்றால் ராயல் மன்ஸ்டர் ஃபியூசிலியர்ஸ்தான் என்று முடிவுகட்டி, டப்பாவில் அப்படியே சீட்டும் ஒட்டிவிட்டேன். அவசரக்குடுக்கை.

அந்தக் கறுப்பு வெறும் அழுக்கு இல்லை. யாரோ ஒரு சிப்பாய் நாள்தோறும் போட்டுத் தேய்த்த பாலிஷ், துணி எட்டாத இடுக்குகளில் தங்கிக் காய்ந்து சிமெண்ட் மாதிரி ஆகிவிட்டது. ஊசியால் கிளறலாம், ஆனால் எஃகு ஒருமுறை வழுக்கினால் புலியின் முகத்தில் காலத்துக்கும் கோடு. நான் நம்புவது மூங்கில் பல்குச்சியை மட்டும்தான். நுனியை உளி மாதிரி சாய்வாகச் சீவி, வெந்நீரில் ஊறவைத்து, லேசாகக் கடித்து நார் பிரித்துக்கொள்ள வேண்டும். பேட்ஜ் இரவு முழுக்க பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் கிடக்கட்டும். காலையில் ஓர் ஓரம் மட்டும் இளகியிருக்கும். அதைக் குச்சியால் நெம்பி எடுத்துவிட்டு, மறுபடி ஊறவைக்க வேண்டியதுதான். ஓர் இரவுக்கு ஒரு குன்றிமணி அளவு வந்தாலே பெரிய காரியம். பத்து மடங்கு லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு குனிந்ததில் கழுத்து இன்னும் திரும்பவில்லை.

"புளி போட்டால் அஞ்சு நிமிஷம்" என்று சொல்ல வருபவர்களுக்கு ஒரு வாக்குமூலம். போன வருடம் ஒரு மெஷின் கன் கோர் பேட்ஜுக்குப் போட்டேன். குறுக்காக வைத்த இரண்டு விக்கர்ஸ் துப்பாக்கி, மேலே கிரீடம், முழுப் பித்தளை. 1915இல் தொடங்கி 1922இல் கலைத்த படை. அம்மா குத்துவிளக்கு துலக்குகிற அதே முறைதான். புளியின் அமிலம் பித்தளையில் மேலாகக் கலந்திருந்த துத்தநாகத்தை அரித்துவிட்டுச் செம்பை மிச்சம் வைத்தது. இப்போது அது ரோஸ் நிறத்தில் பல் இளிக்கிறது. அமோனியா கலந்த பாலிஷும் வேண்டாம். அந்தக் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டாக்கள் தானாகவே வெடிப்பு விட்டனவாம். காரணம் குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அமோனியா.

சரி, யானைக்கு வருகிறேன். புலிக்குக் கீழே யானையும் நின்றால் அது ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ். பெயர்தான் டப்ளின், வேர் நம் பக்கம். கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ், பம்பாய் ஐரோப்பியப் படைகளிலிருந்து வந்த இரண்டு ரெஜிமெண்ட்டுகளை 1881இல் ஒன்றாக்கி அயர்லாந்துப் பெயர் வைத்தார்கள். முதல் பட்டாலியன்தான் பழைய மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ். 1857 கிளர்ச்சியை அடக்க அதை நடத்திப்போன கர்னல் நீலின் சிலைதான் மவுண்ட் ரோட்டில் நின்றது. 1927இல் அதை அகற்றச் சொல்லிச் சத்தியாக்கிரகம் நடந்தது, 1937இல் ராஜாஜி அரசு மியூசியத்துக்கு அனுப்பியது. அந்தப் படையின் பேட்ஜைத்தான் நான் பல்குச்சியால் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறேன். மனைவி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

இந்தப் படை 1922இல் கலைந்தது. அதனால் போலிகளும் மறு அச்சுகளும் கொட்டிக் கிடக்கின்றன. கிரீடம் இருந்தாலாவது, அதன் வடிவத்தை வைத்துக் காலத்தைக் கணிக்க ஒரு பிடி கிடைக்கும். போன மாதம் ஒரு கண்காட்சியில், 1953க்குப் பிறகு வந்த ராணி கிரீடம் போட்ட பேட்ஜை 'முதல் உலகப் போர்' என்று கூசாமல் என்னிடம் நீட்டினார் ஒருவர். இதில் கிரீடமே கிடையாது. நான் பார்த்தது மூன்று இடம்: முன்பக்கத்து மேடு பள்ளம் பின்பக்கத்தில் தலைகீழாக விழுந்திருக்கிறதா, வெள்ளை உலோகப் புலியும் யானையும் தனியாக அச்சடித்து ஒட்டியவையா, ஸ்லைடரை (தொப்பியில் செருகும் பின்பக்கத் தகட்டை) பற்றவைத்த இடம் பேட்ஜோடு சேர்ந்து கறுத்திருக்கிறதா. மூன்றும் தேறின. அதைவிட, புலியின் மூக்கு மழுங்கியிருக்கிறது, இடுக்கில் பாலிஷ் இறுகியிருக்கிறது. இரண்டும் ஒரே கையின் வேலை. அதனால்தான் பின்பக்கத்தை நான் தொடவில்லை. அங்கே ஸ்லைடர் ஓரம் கொஞ்சம் பச்சைக் களிம்பு இருக்கிறது, அதற்கு மட்டும் ஒரு சொட்டு ஆலிவ் எண்ணெய். வளைந்த ஸ்லைடரை நிமிர்த்தப் போவதில்லை, ஒருமுறை ஒடித்த அனுபவம் போதும்.

கடைசியில் பாதுகாப்புக்குப் பூசும் ரினைசன்ஸ் மெழுகு தீர்ந்துபோய்விட்டது, சின்ன டப்பாவே விலை ஜாஸ்தி. இதற்கிடையில் ஒரு டோர்செட்ஷயர் ரெஜிமெண்ட் பேட்ஜ் மேல் கண் விழுந்துவிட்டது. 'ப்ரைமஸ் இன் இண்டிஸ்', அதாவது இந்தியாவில் முதலாவது என்று பீற்றிக்கொள்கிற படை. 1754இல் மெட்ராஸில் வந்து இறங்கிய 39ஆம் ரெஜிமெண்ட்டின் வாரிசு. விற்பவர் இருபத்தைந்து சொல்கிறார், பதினெட்டுக்கு மேல் நான் ஏறவில்லை.

நாடாவில் இப்போதைக்கு 'ராயல் டப்' வரை வாசிக்கலாம். மீதி எழுத்துகள் இன்றிரவும் சோப்புத் தண்ணீரில்.