வட்ட ஓட்டை

பிப்ரவரி 12
ஆனைமலை, அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) தென்னந்தோப்பு. கீழ் ஓலைகள் கரி பூசியது போல் இருக்கின்றன. ஊடே நிற்கும் வாழை இலையும் கறுப்பு. கொடியில் காய்ந்த சேலை பிசுபிசுக்கிறது என்று அத்தைக்கு ஆத்திரம். சுருள் வெள்ளை ஈ சாறு குடித்துவிட்டுச் சொட்டும் இனிப்பு நீர்தான் அது. அதன்மேல் கரும்பூஞ்சை படர்கிறது. அப்புச்சி நாளைக்கே மருந்தடிக்க ஆள் சொல்லிவிட்டார். "ஒரு பத்து நாள் பொறுங்க அப்புச்சி" என்றேன். "பூச்சிக்குப் படிச்ச புள்ளை, பூச்சிக்கே பரிஞ்சு பேசறயா கண்ணு?"

ஆள் வரவில்லை. அது போதும்.

பிப்ரவரி 13
நாள் முழுக்கக் கீற்றைத் திருப்பித் திருப்பிக் கைலென்ஸில் எண்ணினேன். கழுத்து போச்சு. இந்த வேலையில் பாதி எண்ணுவதுதான். ஒறம்பரையில் யாரும் நம்புவதில்லை. வெள்ளை ஈ வளர்ந்து வெளியேறினால் கூட்டின் ஓடு 'T' போலக் கிழியும். உள்ளேயே அதைத் தின்று வளர்ந்த என்கார்சியா குளவி வந்தால், கத்தரித்தது போல வட்ட ஓட்டை. ஒரு கீற்றில் 31 ஓடு, 12 வட்டம். இன்றைக்கு மருந்தடித்தால் முதலில் சாவது இந்தக் குளவிதான்.

பிப்ரவரி 15
கல்லூரி நூலகத்தில் பிளெட்சரின் 1914ஆம் வருடத்துத் தென்னிந்தியப் பூச்சிப் புத்தகம். இந்த ஈ அதில் எப்படி இருக்கும்? பெயர் வைத்ததே 2004இல். இந்தியாவில் முதலில் கண்டது 2016இல், நம்ம பொள்ளாச்சிப் பக்கம். எங்கள் ஊர் பெயர் ஆய்வுக் கட்டுரைகளில் வருவது இப்படித்தான்!

பிப்ரவரி 18
அப்புச்சியே ஆரம்பித்தார்: "அந்தக் காலத்துல பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாம் வெள்ளைவெள்ளையாப் போச்சே, அது எப்படி நின்னுச்சு?" பப்பாளி மாவுப்பூச்சி. 2008இல் கோயமுத்தூரில் தென்பட்டது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை வரவழைத்து விட்டார்கள், அடங்கியது. என்கார்சியாவை அப்படி யாரும் திட்டம் போட்டு வரவழைக்கவில்லை; முன்பு வந்த இன்னொரு சுருள் வெள்ளை ஈயை ஒட்டித் தானாக வந்து சேர்ந்தது. "கூப்பிடாத ஒறம்பரை" என்றார்.

பிப்ரவரி 20
கீற்றுத் துண்டுகளை பாட்டிலில் போட்டுத் துணி கட்டி வைத்திருந்தேன். காத்தால ஏழெட்டுக் குளவி. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. லென்ஸை அப்புச்சி கையில் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். "இது கடிக்குமா அம்மிணி?" ஈயைத் தவிர யாரையும் இல்லைங்க என்றேன்.

கரும்பூஞ்சைக்கு மட்டும் மைதாப் பசை, லிட்டருக்கு 25 கிராம். காய்ந்ததும் பொருக்காக உதிர்கிறது. 'மாவை மரத்துக்கு ஊத்தறதா' என்று அத்தை முணுமுணுப்பு.

பிப்ரவரி 23
கிழக்குப் பக்கத்துத் தோப்பில் மருந்து அடித்துவிட்டார்கள். காற்றும் எங்கள் பக்கம். நாலு வரிசை கணக்கிலிருந்து போச்சு. ஆய்வேட்டில் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவர்கள் மேலும் கோபப்பட முடியவில்லை, காய் சிறுத்தால் யாருக்கும் பயம் வரும்.

பிப்ரவரி 26
விடுதிக்குத் திரும்பிவிட்டேன். லென்ஸை அங்கேயே விட்டுவிட்டேன், வேண்டுமென்றேதான். பொழுதோட வாட்ஸ்அப்பில் மாமா போனிலிருந்து தலைகீழாக, மங்கலாக ஒரு படம். கீழே குரல் பதிவு: "ஏங்கண்ணு, இது ஓட்டையா கிழிசலா? இதைச் சேக்கறதா வேண்டாமா?"