ஒரே ஜன்னல், ஒரே மலை: ஐப்பசி முதல் மாசி வரை

உறையூரில் எங்கள் வீட்டு மாடி ஜன்னல் கிழக்கு பார்த்தது. முன்னால் மொட்டை மாடிகள், தண்ணீர் டேங்குகள், கேபிள் வயர்கள். அவற்றுக்குப் பின்னால் திருச்சி மலைக்கோட்டை. ஐப்பசியில் இருந்து இதையே வெவ்வேறு நேரங்களில் போனில் எடுத்துச் சேர்த்து வருகிறேன்.

ட்ரைபாட் தேவைப்படவில்லை. கிரில் கம்பியில் போன் உட்காரும் இடத்தில் டேப் சுற்றியிருக்கிறேன். எதிர்வீட்டு டேங்க் மூடி திரையின் இடது கீழ் மூலையைத் தொட்டால் ஃபிரேம் சரி. கொசுவலையைத் திறந்துதான் எடுக்க வேண்டும், வலைக்குப் பின்னால் இருந்து எடுத்தால் படம் வெளுத்துப்போகிறது. அந்தி நேரத்தில் வலையைத் திறக்க வீட்டில் அனுமதி வாங்குவது தனிக் கதை.

வைட் பேலன்ஸை, அதாவது படத்தின் நிறச் சாயலைத் தீர்மானிக்கும் அமைப்பை, 5500 கெல்வினில் நிறுத்திவிட்டேன். ஆட்டோவில் விட்டால் விடியல் மஞ்சளையும் அந்தி நீலத்தையும் போனே சரிக்கட்டி, எல்லாப் பொழுதையும் காலை பதினொரு மணி ஆக்கிவிடும். எக்ஸ்போஷர் (உள்ளே விடும் வெளிச்ச அளவு) மட்டும் நேரத்துக்கு நேரம் மாறுகிறது.

காலையில் சூரியன் மலைப் பக்கமிருந்து வருவதால் பாறை வெறும் கறுப்பு உருவம்தான். ஆனால் உதிக்கும் இடம் நகர்வதை அதில்தான் பார்க்க முடிந்தது. மார்கழியில் நன்றாக வலப்புறம் ஒதுங்கி, தைக்குப் பிறகு மலையை நோக்கித் திரும்புகிறது. மாலை வெயிலைத்தான் எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். நிறம் அழகுதான், ஆனால் வெளிச்சம் என் முதுகுப் பக்கமிருந்து நேராகப் பாறையில் விழுவதால் மடிப்பெல்லாம் மறைந்து சப்பென்று இருக்கிறது.

எனக்குப் பிடித்தது யாரும் கேமராவை வெளியே எடுக்காத உச்சி நேரம். சூரியன் உச்சி தாண்டி மேற்கே சாயத் தொடங்கியதும் வெளிச்சம் பாறையின் இந்தப் பக்கத்தை மேலிருந்து உரசிக்கொண்டு இறங்குகிறது. ஒவ்வொரு வெடிப்பும் விளிம்பும் நிழலோடு எழுந்து நிற்கும். கொஞ்ச நேரம்தான், அப்புறம் நிழல்களிலும் வெளிச்சம் நிரம்பிவிடும்.

அந்த நேரம் கடிகாரத்தில் நிலையாக நிற்பதில்லை. ஐப்பசியில் 12 மணியை ஒட்டி வந்தது, தை முடிவில் 12.30 ஆகிவிட்டது. நம் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு உரியது. திருச்சி இருப்பது 78.7-இல். பாகைக்கு 4 நிமிடம் என்றால், இங்கே உச்சி சராசரியாக 12.15. பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்வு. அதனால் நவம்பர் தொடக்கத்தில் ஏறக்குறைய 16 நிமிடம் முந்தும், பிப்ரவரியில் 14 நிமிடம் பிந்தும்.

காலைப் படத்தையும் மாலைப் படத்தையும் 'லைட்டன்' முறையில் (ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டில் வெளிச்சமானதை மட்டும் எடுத்துக்கொள்ளும்) ஒன்றின்மேல் ஒன்று வைத்தும் பார்த்தேன். சுவர்களின் இரண்டு பக்கமும் வெயில்! 1826 அல்லது 1827-இல் பிரான்சில் நியெப்ஸ் என்பவர் தன் வீட்டு மாடி ஜன்னலில் இருந்து எடுத்த படத்திலும் இப்படித்தான் இருக்கும். கேமராவில் எடுத்து இன்றுவரை மிஞ்சியிருக்கும் படங்களில் அதுதான் பழையது. நிலக்கீல் பூசிய தகட்டில் பல மணி நேரம் வெளிச்சம் விழ விட்டதால் சூரியன் இரண்டு பக்கமும் போய்விட்டது. எனக்கு ஒரு பட்டனில் கிடைத்தது அவருக்கு வேறு வழியில்லாமல் கிடைத்திருக்கிறது.

சித்திரை தொடக்கத்தில் இங்கே சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். அதன்பின் ஆவணி வரை நண்பகலில் வடபுறம் நிற்கும். வெடிப்புகளின் நிழல் அப்போது எதிர்ப்பக்கம் சாய வேண்டும். டேப்பை அதுவரை பிரிக்கப் போவதில்லை.