பீங்கான் தட்டும் ரோஜா நிறமும்

ஜெர்மனியின் டிரெஸ்டனில் எல்பே ஆற்றங்கரைச் சனிக்கிழமைச் சந்தையில் வாங்கிய தட்டோடு ஆறு வாரமாக உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் ஒரு ரோஜா, ஓரமெங்கும் சிதறிய சின்னப் பூக்கள். பின்பக்கம் மைசன் பீங்கான் ஆலையின் முத்திரையான நீல நிற இரட்டை வாள், அதன் குறுக்கே இரண்டு கீறல். முதல் தரத்தில் சேராத தட்டுகளை மைசனில் இப்படிக் கீறித்தான் விற்பார்கள். மைசனிலிருந்து பூ வரையாத வெள்ளைத் தட்டுகளை வாங்கித் தாங்களே பூ வரைந்த பட்டறைகள் 19ஆம் நூற்றாண்டு டிரெஸ்டனில் நிறைய இருந்தன. ஆகவே வாளை மட்டும் வைத்து, பூவும் மைசனில் வரைந்ததுதான் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் கைவேலை என்பதில் சந்தேகமில்லை. 10 மடங்கு லென்ஸில் அச்சுப் புள்ளி ஒன்றுகூட இல்லை. தூரிகை நின்ற இடத்தில் சாயம் தேங்கியிருக்கிறது. ஓரத்தில் ஒரு குட்டி வண்டு. அதற்கு அடியில் மெருகில் ஒரு கரும்புள்ளி! சூளையில் விழுந்த பழுதை வண்டாக்கி மறைத்திருக்கிறார்கள். அதைக் கண்ட அன்று வேறு வேலை ஓடவில்லை.

மைசனில் முதலில் வரைந்தவற்றுக்கு 'இந்தியப் பூக்கள்' என்று பெயர். உண்மையில் அவை கிழக்கிந்தியக் கம்பெனிகளின் கப்பல்களில் வந்த சீன, ஜப்பானியப் பாத்திரங்களின் பூக்கள். 1740 வாக்கில் ரோஜா, துலிப் என்று உள்ளூர்த் தோட்டத்துப் பூக்கள் வந்தன. என் தட்டு அந்த வழியில் வந்தது.

சரி, நானும் ஒரு ரோஜா வரைந்து பார்ப்போம் என்று இறங்கினேன். ரோஜா நிறம் தங்கத்திலிருந்து செய்கிற சாயம். பொடியைக் கண்ணாடிப் பலகையில் டர்பன்டைன் எண்ணெய் விட்டு அரைக்க வேண்டும். நறநறவென்ற சத்தம் அடங்கும்வரை விடக்கூடாது. முதல் தட்டை 740 டிகிரியில் சுட்டேன், இதழெல்லாம் செங்கல் மாதிரி பழுப்பாகிவிட்டது. சூடு பற்றாவிட்டால் இந்தச் சாயம் அப்படித்தான், கூடிவிட்டால் ஊதா பக்கம் போகும். இரண்டாவது தட்டு 800இல். நிறம் வந்தது, ஆனால் தடிமனாகப் பூசிய இடம் செதிலாக உரிந்தது.

மூன்றாவதில் மெல்லிய பூச்சு ஒன்று போட்டுச் சுட்டு, அதன்மேல் நிழலை மட்டும் தீட்டி மறுபடி சுட்டேன். நடு இதழ்கள் இரண்டு நன்றாக வந்திருக்கின்றன. வெளி இதழ் இன்னும் முட்டைக்கோஸ் போலவே இருக்கிறது. பழைய தட்டில் அதே இதழை மூன்றே இழுப்பில் முடித்திருக்கிறார் அந்த ஓவியர். லென்ஸில் எண்ணிப் பார்த்தேன். அப்புறம் இலைகள் பாக்கி. இந்த வாரம் அந்த மூன்று இழுப்பை மட்டும் காகிதத்தில் பழகப் போகிறேன்.