அம்மாவின் கிளினிக் கொப்பி

அம்மாவின் பிறசர் கிளினிக் கொப்பி ஒரு புடவைக்கடைப் பைக்குள் இருக்கும். அதற்குள் இன்னொரு பொலித்தீன் பை, அதற்குள் கொப்பி, கொப்பிக்குள் பழைய ரிப்போர்ட்டுகள், மங்கிப்போன ஈசிஜி துண்டு. போன மாதம் வேறு எதையோ தேடப்போய் அதைத் திறந்தால், கடைசித் திகதிக்குப் பிறகு நாலு மாதம் வெறுமையாகக் கிடக்கிறது. மாதாமாதம் போய் வருகிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏனம்மா போகேல்லை?"

"அண்டைக்குப் பெரியப்பான்ரை அந்தியேட்டியெல்லோ. கீரிமலைக்குப் போகாமல் விடேலுமே?"

சரி, செத்தவருக்குச் செய்கிற அந்தக் கிரியையால் ஒரு மாதம். மிச்சம் மூன்று மாதம்? அதற்கு அம்மா சொன்ன பதில்தான் இதை எழுத வைத்தது. "போன முறை வரேல்லை எண்டு ஏசுவினம் பிள்ளை."

கிளினிக்குக்கு வராதவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே பொறுப்பில்லாத சனம், இலவசமாகக் கிடைத்தால் அருமை தெரியாது என்று முடித்துவிடுவோம். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் முதல்தரம் தவறுவதற்குத்தான் அந்தியேட்டியோ மழையோ பஸ்ஸோ காரணம். இரண்டாம் தரம் தவறுவது முதல்தரம் தவறியதால். நாலு பேருக்கு முன்னால், அதுவும் தன் மகள் வயதுப் பிள்ளையிடம் ஏச்சு வாங்க எழுபது வயது மனுசிக்கு விருப்பம் இராதுதானே. இதற்கிடையில் குளிசை முடிந்துவிடக்கூடாதென்று பாதி பாதியாக உடைத்துப் போட்டிருக்கிறார். பிறசர் வருத்தத்தில் பெரும்பாலும் நோவும் இல்லை, காய்ச்சலும் இல்லை, அதனால் பாதி போட்டாலும் முழுசு போட்டாலும் உடம்புக்கு ஒன்றுதான் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. இதுதான் ஆபத்தான இடம், ஏனென்றால் ஒரு நாள் கை கால் இழுத்த பிறகுதான் தெரியவரும்.

முதல்தரம் தவறுவதும் லேசான விசயமில்லை. ஒரு கிளினிக் என்றால் ஒரு நாள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். இரத்தம் குடுக்க வெறும் வயிற்றோடு ஒரு நாள், ரிப்போர்ட் எடுக்க ஒரு நாள், பிறகு டொக்டரிடம் காட்ட ஒரு நாள். காட்டுகிற நாளிலும் விடியப்புறம் போய் நம்பர் எடுத்து, வாங்கில் இருந்து, டொக்டர் மூன்று நிமிசம் பார்த்து, பார்மசி வரிசையில் நின்று மருந்து வாங்க மத்தியானம் தாண்டிவிடும். நாட்கூலிக்குப் போகிறவருக்கு அது ஒரு நாள் சம்பளம். கூட வருகிற மகனுக்கும் சேர்த்து இரண்டு.

ஒருமுறை வரிசையில் எனக்குப் பக்கத்தில் நெடுந்தீவு அம்மா ஒருவர் இருந்தார். குறிகாட்டுவான் துறைக்குப் படகு ஒரு மணித்தியாலம், அதற்குப் பிறகு பஸ்ஸில் தீவுகளையும் பண்ணைப் பாலத்தையும் தாண்டி யாழ்ப்பாணம் வரவேண்டும். காற்று எழும்பினால் படகு ஓடாது. திகதி எழுதுகிறவருக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று சிரித்தார். அவருடைய ஒரே கவலை பின்னேரப் படகு. மருந்து வாங்காமலே எழும்பிப் போன ஆட்களும் இருக்கினமாம்.

2022இல் பெற்றோல் வரிசை நின்ற காலம் இன்னும் ஞாபகம். கியூஆர் அட்டையில் பெற்றோலைப் பங்கிட்டுக் குடுக்கத் தொடங்கியபோது ஓட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீற்றர், அதில் யார் எங்கள் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றுவது? ஆனால் 2020 ஊரடங்கில் கிளினிக் மருந்தைத் தபால்காரர் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தாரே, அப்ப அதுவும் முடிந்த காரியம்தான்.

போனில் ஞாபகப்படுத்தினால் என்ன என்று கேட்பீர்கள். நல்ல யோசனை. கொப்பியில் அம்மா குடுத்திருக்கும் நம்பர் தம்பியுடையது. அவன் கனடா போய் இரண்டு வருசம்.

கடைசியில் நானே லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அம்மா கொப்பிப் பையை நெஞ்சோடு அணைத்தபடி வந்தார். நேர்ஸ் கொப்பியைப் பிரட்டிவிட்டு "ஏனம்மா இவ்வளவு நாளும் வரேல்லை?" என்று கேட்டதுதான் தாமதம், நான் வாய் திறக்குமுன் அம்மா, "நான் ஊரிலை இல்லை பிள்ளை, கொழும்பிலை மகளோடை நிண்டனான்" என்றார். அந்த மகள் நான்தான், கொழும்புப் பக்கம் போயே ஒரு வருசம் ஆகிறது. நேர்ஸ் ஏசவில்லை. பிறசர் பார்த்து, டொக்டர் குளிசையைக் கூட்டி, அடுத்த திகதி எழுதித் தந்தார்கள்.

வீட்டுக்கு வந்து கலண்டரில் பார்த்தால், அது நல்லூர்த் தேர்.

"தேரண்டைக்கு ஆர் கிளினிக்குக்குப் போறது?" என்றபடி அம்மா கொப்பியைப் பைக்குள் வைத்தார்.