எதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்

“அண்ணை, இந்த முப்பத்தையாயிரத்தைப் போட்டிட்டுப் பிறகு திருப்பி எடுக்கிற யோசனை ஏதும் இருக்கோ?”

“ஓம் தம்பி, மச்சானின்ரை காசுதானே. பெப்ரவரி நடுவிலை அவருக்குக் குடுக்கவேணும்.”

கேட்டது கணக்காளரான நான். சொன்னது பிரித்தானியாவில் தன் கம்பனியின் டைரக்டராக இருக்கும் ஒருவர். யோசிக்காமல் வந்த பதில். அந்த “ஓம்” தன் கம்பனிக்கு 11,812 பவுண் 50 பென்ஸ் செலவு வைக்கும் என்று தெரிந்திருந்தால் இவ்வளவு சுளுவாக வந்திருக்காது.

2024 மார்ச் 31 ஆண்டு முடிவில் அவருடைய டைரக்டர்ஸ் லோன் அக்கவுண்ட், அதாவது அவருக்கும் கம்பனிக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் கணக்கு, 44,880 பவுண் ஓவர்ட்ரோனில் நின்றது. அவ்வளவும் அவர் கம்பனிக்குத் தர வேண்டிய கடன். கம்பனிக் கார்டில் போன வீட்டுச் செலவும், மாதாமாதம் “பிறகு பார்ப்போம்” என்று எடுத்த காசும். ஆண்டுக் கணக்கு எழுதும்வரை இதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. அதுதான் வழமையான வியாதி. முதலில் அவர் கம்பனிக்குக் கொடுத்து, பதியப்படாமல் கிடப்பவற்றைத் தேட வேண்டும். சொந்தக் காரில் கம்பனி வேலையாக ஓடிய 6,400 மைல் அகப்பட்டது. மைலுக்கு 45 பென்ஸ்படி 2,880 கழிந்து 42,000 ஆனது.

ஆண்டு முடிந்து ஒன்பது மாதமும் ஒரு நாளும், அதாவது 2025 ஜனவரி 1, வரி கட்ட வேண்டிய நாள். அதற்குள் அடைக்காத தொகைக்குக் கம்பனி வரிச் சட்டத்தின் பிரிவு 455-இன் கீழ் அப்போது 33.75% வரி. 42,000-க்கு 14,175. இது டைரக்டரின் வரி அல்ல, கம்பனியின் வரி. கடன் அடைந்தால் திரும்பி வரும், ஆனால் ஆறுதலாகத்தான் வரும்.

டிவிடெண்ட் போட்டு அடைக்கலாம் என்றால் பகிரக்கூடிய லாபம் 7,000தான் இருந்தது. அதை டிசம்பரில் மினிட் (கூட்டக் குறிப்பு) எழுதி, லோன் கணக்கில் வரவு வைத்தோம்; நிலுவை 35,000 ஆனது. மார்ச் 31 திகதி போட்டு வவுச்சர் எழுதினால் என்ன என்றும் கேட்டார். இடைக்கால டிவிடெண்ட், கொடுத்த நாளில் அல்லது புத்தகத்தில் வரவு வைத்த நாளில்தான் பிறக்கிறது. திகதியை மாற்றினால் அது பொய்ப் பத்திரம், வேறொன்றும் இல்லை. லாபத்துக்கு மேல் போட்டால் சட்டவிரோதம், அது திரும்பவும் கடனாகவே வந்து நிற்கும். போனஸ் என்றால் பேயீயில் (சம்பளத்திலேயே பிடிக்கும் முறையில்) வருமான வரியும், கம்பனிக்கு அப்போதைய 13.8% நேஷனல் இன்சூரன்சும். அதற்குக் கையில் காசில்லை. மிஞ்சியது மச்சானிடம் கைமாற்றாக வாங்கிப் போடுவது.

இரண்டு விதிகள் குறுக்கே நிற்கின்றன. முப்பது நாளுக்குள் 5,000 அல்லது அதற்கு மேல் போட்டு, அடுத்த கணக்குக் காலத்தில் அவ்வளவு எடுத்தால், போட்டது புதுக் கடனுக்கே கழியும், பழையது அப்படியே நிற்கும். இதை எல்லோரும் அறிவர், நாளை எண்ணித் தப்புவர். மற்றது நாள் எண்ணுவதில்லை. போடுவதற்கு முன் நிலுவை 15,000 அல்லது அதற்கு மேல் இருந்து, போடும்போதே 5,000-க்குக் குறையாமல் திருப்பி எடுக்கும் ஏற்பாடு இருந்தால் போதும். டிவிடெண்ட், போனஸ் போல வருமான வரிக்கு உட்படும் அடைப்புகள் மட்டும் விலக்கு. டிசம்பர் 20-இல் போட்டுப் பெப்ரவரி நடுவில் எடுத்தால் முதல் விதியில் சிக்காது. இரண்டாவதில் சிக்குவது அந்த “ஓம்” என்ற ஒரு சொல்லால்தான்.

ஏற்பாடு இருந்ததா என்பது உண்மை நிலவரம். நான் கேட்டதால் அது உண்டாகவில்லை. கேட்காவிட்டாலும் மச்சானுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். போட்டிருந்தால் வங்கிக் கூற்றில் 35,000 வந்ததும் போனதும் பதிந்திருக்கும், வரித் திணைக்களமான எச்எம்ஆர்சி விளக்கம் கேட்கலாம். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் விதியை விளக்கிவிட்டுக் கேட்டிருக்கலாம். அவர் எந்தப் பதில் எதில் முடியும் என்று தெரிந்தே சொல்லியிருப்பார். நான் கேட்ட விதம் பொறி வைத்ததுபோல ஆகிவிட்டது. மறுபக்கம், விளக்கிவிட்டுக் கேட்பது பதிலைச் சொல்லிக்கொடுப்பதற்கு எவ்வளவு தூரம்?

“உதை முதலே சொல்லியிருக்கலாம்தானே,” என்றார் அவர், கோபமில்லாமல்.

மச்சானின் காசு வரவே இல்லை. வந்தும் பயனில்லை. இத்தகைய கடன்களைக் காட்டும் சிடி600ஏ படிவத்தில் 35,000 காட்டி, அதற்கான 11,812.50 வரியைக் கம்பனி கட்டியது. 10,000-க்கு மேற்பட்ட கடன் என்பதால் பங்குதாரர் தீர்மானமும் வேண்டும். ஒரே பங்குதாரர் அவர்தான், ஒரு பக்கத்தில் முடிந்தது. 2024–25-க்கு எச்எம்ஆர்சியின் உத்தியோகபூர்வ வீதமான 2.25% வட்டியை அவர் கம்பனிக்குக் கட்டினார், அதனால் சலுகைக் கடனைக் காட்டும் பி11டி படிவ வேலை மிச்சம். மீதிக் கடனை 2026 மார்ச் 31-க்குள் டிவிடெண்டால் அடைத்தாலும் வரி 2027 ஜனவரிக்கு முன் திரும்பாது.

இப்போது விதியை முதலில் சொல்லிவிட்டே கேட்கிறேன். அதன் பிறகு வரும் பதில்கள் எல்லாம் “இல்லை”தான். அப்படி “இல்லை” என்ற ஒருவரின் கணக்கில் டிசம்பரில் 20,000 உள்ளே வந்து, நாற்பத்தோராம் நாள் அதே 20,000 வெளியே போயிருக்கிறது. அவருடைய சிடி600ஏ படிவத்தை இன்னும் அனுப்பவில்லை.