நெஞ்சுவலி என்று சொன்னோம்

1997 மழைக்காலம். புளியரையில் நான் எட்டாம் வகுப்பு. அப்பா உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்தார். செங்கோட்டை ஆஸ்பத்திரி பக்கத்தில்தான், ஆனால் அங்கே எல்லோருக்கும் எங்களைத் தெரியும். அதனால் சித்தப்பா ஜீப்பில் ஆரியங்காவு கணவாயைத் தாண்டிக் கேரளத்துப் புனலூருக்குக் கொண்டுபோனார். அந்தத் தாமதத்தை நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது.

"யாரு கேட்டாலும் நெஞ்சுவலின்னு சொல்லுய்யா" என்றாள் அம்மா.

வெட்கம் பாதி, வழக்குப் பயம் பாதி. அன்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவின்படி தற்கொலை முயற்சிக்கு ஓராண்டு வரை சிறை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம்தான், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்று கருதி, தண்டிக்காமல் சிகிச்சை தரச் சொன்னது. இப்போது 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அப்பாவுக்கு அப்படி ஒரு குரல் கிடைக்கவில்லை.

அவர் பிழைத்தார். அப்புறம் 22 வருடம் எங்களோடு இருந்தார். பொய்க்குப் பொருத்தமாக அம்மா குழம்பில் உப்பைக் குறைத்தாள். அவரும் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார். "நெஞ்சுக்கு எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்று டீக்கடையில் கேட்பார்கள். "பரவாயில்ல" என்பார்.

நான் மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். போன வாரம்தான் மனைவியிடம் சொன்னேன், விளக்கை அணைத்த பிறகு.